தண்ணீர் குடிக்காத இன்ஜினீயர்!

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பேம்மா?"

என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டேன். வயது இருபத்தாறு. சிவில் இன்ஜினீயரிங் படித்தவள். ஊருக்கு வெளியே மேம்பாலம் கட்டுகிற இடத்தில் சைட் இன்ஜினீயராக வேலை. ஆறு மாதத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு. இரண்டு தடவை வேறு டாக்டரிடம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுச் சரியாகியிருக்கிறது. மறுபடியும் வந்துவிட்டது.

"வீட்ல இருந்தா நிறையக் குடிப்பேன் டாக்டரம்மா. சைட்ல மட்டும் குடிக்க மாட்டேன்."

"ஒரு வாய்கூடவா? இந்த வெயில்லயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாதான் பதில் சொன்னார். "குடிச்சா போகணும்லா டாக்டரம்மா? போறதுக்கு அங்க இடம் கிடையாதாம். ஆம்பளப் பயலுவ ஓரமா ஒதுங்கிக்கிடுதானுவ. இவ எங்க போவா? ஒரு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் பங்க் இருக்காம். அங்க போய்ட்டு வந்தா, 'மேடம் மறுபடியும் ரவுண்ட்ஸ் கிளம்பிட்டாங்க'ன்னு சிரிக்கானுவளாம்."

காலை எட்டு மணிக்கு வீட்டில் கிளம்பும்போது போனால், மறுபடி இரவு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் போவாளாம். பதினோரு மணி நேரம்!

நீர்க்கடுப்புக்கு எங்கள் சித்த மருத்துவத்தில் நல்ல மருந்துகள் இருக்கின்றன. நீர்முள்ளி, சிறுநெருஞ்சில் என்று எழுதப் பேனாவைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். இவையெல்லாம் சிறுநீரைப் பெருக்கி வெளியேற்றுகிற மருந்துகள். போக இடமே இல்லாத பெண்ணுக்கு, போக வைக்கிற மருந்தை எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அன்றைக்கு எழுந்த யோசனைகளைத்தான் வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். 'ஆரோக்கியப் பத்திரிகையில் பெண் விஞ்ஞானிகள், பெண் இன்ஜினீயர்கள் பற்றி என்ன பேச்சு?' என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் எதிர்கொள்ளும் தடைகள் முதலில் தெரிவது அவர்கள் உடம்பில்தான். உடம்பைக் காட்ட அவர்கள் வருவது எங்களிடம்தான்.

அடக்கக் கூடாத பதினான்கு

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று, பதினான்கு வேகங்கள். வேகம் என்றால் உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு என்பவையே அந்தப் பதினான்கு. இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது, அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்க் கூட்டம் வரும் என்பது சித்தர்கள் கண்ட உண்மை. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் எரிச்சலும். கண்ணீரை அடக்கினால் கண்ணுக்கும் தலைக்கும் நெஞ்சுக்கும் கேடு.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, விஞ்ஞானம், தொழில்நுட்பம் சார்ந்த வேலைகளில் இருக்கும் என் நோயாளிப் பெண்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன். சைட்டில் நிற்பவள் சிறுநீரையும் தாகத்தையும் அடக்குகிறாள். ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவள், சோதனையைப் பாதியில் விட முடியாமல் பசியை அடக்குகிறாள். இரவு வீட்டுக்கு வந்து சமையல், பிள்ளைகளின் வீட்டுப் பாடம் எல்லாம் முடித்த பிறகு லேப்டாப்பைத் திறக்கிறவள் தூக்கத்தை அடக்குகிறாள். மீட்டிங்கில் தான் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொல்லி, அதற்கு எல்லோரும் தலையாட்டும்போது, அவள் அடக்குவது கண்ணீரை. அழுதால், 'பொம்பளைங்கன்னாலே இப்படித்தான்' என்ற பட்டம் காத்திருக்கிறதே!

இவர்கள் எல்லோரும் தனித்தனி வியாதிகளோடு வருகிறார்கள். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு, ஒருத்திக்கு வயிற்றுப் புண், ஒருத்திக்கு ஒற்றைத் தலைவலி, ஒருத்திக்கு மாதவிலக்குக் கோளாறு. நாங்களும் தனித்தனியாக மருந்து கொடுத்து அனுப்புகிறோம். நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன் நோயின் காரணத்தைத் தேடச் சொன்னார் வள்ளுவர். காரணம் பல நேரம் அவள் உடம்பில் இல்லை. வேலை செய்யும் இடத்திலும் வீட்டிலும் இருக்கிறது. அங்கே மருந்து போடாமல் அவளுக்கு மட்டும் மருந்து போட்டால் எப்படிக் குணமாகும்?

நான் எழுதிய தவறான சீட்டு

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன், என் தவறையும் சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு பெண் வந்தாள். வேதியியலில் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். மாதவிலக்கு ஒழுங்காக இல்லை, எடை குறைந்துவிட்டது, எப்போதும் அசதி. கூட வந்த மாமியார், "விடிஞ்சா லேப், அடைஞ்சா லேப். வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நானும் சொன்னேன். "உடம்புதான் முதல்ல. படிப்பு எங்கே ஓடிப் போகுது? ஒரு ஆறு மாசம் லேபுக்குப் போகாம ரெஸ்ட் எடு."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ரத்த சோகைக்கு மருந்தும் கொடுத்தேன். உடம்பு தேறியது. ஆனால் அந்த ஆறு மாதம் முடியவே இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். "பி.எச்.டி. என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நீங்க ரெஸ்ட் எடுன்னு சொன்னீங்க. எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க டாக்டரம்மா" என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்? சமையல் யார்? மதியம் என்ன சாப்பிடுகிறாய்? லேபிலிருந்து வந்த பிறகு என்ன வேலை?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், அவளைச் சோர வைத்தது லேப் மட்டுமல்ல, லேபுக்கு முன்னும் பின்னும் இருந்த வீட்டு வேலையும்தான் என்று தெரிந்திருக்கும். ரெஸ்ட் என்றால் எதை நிறுத்துவது? நான் சமையலை நிறுத்தச் சொல்லவில்லை. ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னேன்! ஒரு டாக்டரே சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் உண்டா?

இந்தியாவில் பெண்களுக்கு ரத்த சோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது தெரியுமா? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை. நம் தமிழ்நாட்டிலேயே பாதிக்கு மேல். ரத்தம் இல்லாதவள் சோர்ந்து போவாள். சோர்ந்து போனால், 'இவளுக்கு வேலையில் ஆர்வம் இல்லை' என்பார் மேலதிகாரி. 'படிச்சது போதும்' என்பார் மாமியார். இரும்புச் சத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் வேலையைக் கழிக்கிறோம்!

மூளை இல்லாமலா போனார்கள்?

'பெண்களுக்கு இயல்பிலேயே இதெல்லாம் வராது' என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பழைய கதைகள் இரண்டு, மூன்று.

1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவியாகத் தேறிய கமலா பாக்வத் என்ற பெண், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். 'பெண் என்பதால் இடம் இல்லை' என்று மறுத்துவிட்டார். கமலா விடவில்லை. நேரில் போய்ப் போராடினார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் வருஷம் முறையான மாணவியாகச் சேர்க்க மாட்டார்கள், வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம், ஆண்களின் கவனம் சிதறும்படி நடந்துகொள்ளக் கூடாது... இப்படி! ஒரு வருஷத்தில் அவர் வேலையைப் பார்த்து ராமனே மனம் மாறி, அதன் பிறகு பெண்களைச் சேர்க்கச் சம்மதித்தார். 1939-ல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்யாணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி என்று அறியப்பட்ட இவர், நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தவர். பனை வகை மரங்களிலிருந்து இறக்கும் புளிக்காத சாறான நீராவில் என்னென்ன சத்துகள் இருக்கின்றன என்று ஆராய்ந்து சொன்னதும் அவர்தான். ஊட்டச்சத்து இல்லாத பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உதவும் என்று காட்டினார். பதநீரின் பெருமையை நோயாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அன்று வாசலோடு திரும்பிப் போயிருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டுமா?

அடுத்தவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1940-ல் ராமனின் கூடத்தில் சேர்ந்து மாணிக்கம், வைரம் ஆகிய கற்களில் ஒளியின் தன்மையை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள், ஒரு முழு ஆய்வேடு. அப்படியும் 'எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை' என்று காரணம் சொல்லி டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது சென்னைப் பல்கலைக்கழகம். பட்டம் இல்லாமலே இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு வந்து, 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழை, வெயில், காற்று ஆகியவற்றை அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். 1976-ல் அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

மூன்றாவதாகச் சொல்லப் போகிறவர் பக்கத்து வீட்டுப் பெண் போல. பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. 15 வயதில் கல்யாணம். 18 வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவை. அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவர் அப்பா, கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியர். மகளைத் தன் கல்லூரியிலேயே 1940-ல் எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்த்தார். அடுத்துச் சேர்ந்த லீலம்மா ஜார்ஜ், பி.கே. தெரசியா என்ற இருவரும் சிவில் பிரிவு. 1943-ல் லலிதா பட்டம் பெற்றபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த 'ஹீ' என்பதை அடித்துவிட்டு 'ஷீ' என்று கையால் திருத்திக் கொடுத்தார்களாம்! பெண் ஒருத்தி வருவாள் என்று அச்சடித்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வடிவமைப்பில் பங்கு பெற்றார். தெரசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தார்.

இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. லலிதாவுக்கு மூளை இருந்தது, சரி. அதோடு, 'படி' என்று சொன்ன அப்பா இருந்தார். குழந்தையை ஏந்திக்கொள்ள வீட்டில் கைகள் இருந்தன. மூளை எத்தனையோ பெண்களுக்கு இருந்திருக்கும். அந்தக் கைகள்தான் எத்தனை பேருக்குக் கிடைத்தன?

கதவு திறந்தாச்சு... அப்புறம்?

'அதெல்லாம் அந்தக் காலம். இப்போது பெண்கள்தானே நிறையப் படிக்கிறார்கள்!' என்பீர்கள். உண்மைதான். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் அறிவியல் பிரிவுகளில் படித்தவர்கள் 57.2 லட்சம். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பெண்களே அதிகம்! ஆனால் ஆராய்ச்சிப் பணியில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அறிவியலில் பெரிய கௌரவமாகக் கருதப்படும் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1958-ல் ஆரம்பித்தது. 1961-ல் வேதியியலுக்காக அசிமா சாட்டர்ஜி அதைப் பெற்றார். ஆனால் பிந்தைய அறுபது வருஷத்திலும் மொத்தம் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வாங்கியதில் பெண்கள் ஏறக்குறைய இருபது பேர்தான்.

வகுப்பில் இருந்த பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள்? நான் சொல்கிறேன். அவர்கள் என் கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் கைக்குழந்தையோடு. சிலர், 'குழந்தை இல்லை' என்ற கவலையோடு. கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் பி.எச்.டி. முடிக்கும்போது வயது 27, 28 ஆகிவிடுகிறது. அதன் பிறகு நிரந்தர வேலைக்கு அலைய வேண்டிய காலமும், பிள்ளை பெற உடம்பு கூப்பிடுகிற காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. 'மூணு வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? பயோடேட்டாவில் இடைவெளி இருக்கே?' என்று இன்டர்வியூவில் கேட்கிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்தவள் என்ன பதில் சொல்வாள்? கூட வந்த ஆண்பிள்ளைக்கும் அதே வயதில்தான் பிள்ளை பிறந்திருக்கும். அவன் பயோடேட்டாவில் மட்டும் இடைவெளியே இல்லை!

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இடையில் வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்காக 2002-03-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு திட்டம் கொண்டு வந்தது. பி.எச்.டி. செய்யும் பெண்களுக்கு 240 நாள் வரை பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பும், படிப்பை முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசமும் உண்டு என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூடியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் வந்தது. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு இந்த விதிகள் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும், 'கேட்டால் கைடு முகத்தைச் சுளிப்பாரே' என்று கேட்பதில்லை.

உடம்புதான் தடையா?

ஒரு டாக்டராக இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாதவிலக்கு நோய் அல்ல. கர்ப்பம் நோய் அல்ல. இவை இரண்டும் மூளையை மழுக்குவதும் இல்லை. சில ரசாயனங்களும் கதிர்வீச்சும் கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. அந்த மாதங்களில் அவளுக்கு வேறு பொறுப்பு கொடுங்கள், கணக்கு வேலையைக் கொடுங்கள், எழுத்து வேலையைக் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பாதீர்கள்!

'பாதுகாப்புக்காகத்தானே தடை?' என்றும் ஒரு நியாயம் சொல்வார்கள். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்களுக்கு வேலை கூடாது என்றது. போக்குவரத்தும் பாதுகாப்பும் கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே தடுப்பது சமத்துவம் ஆகாது என்ற வாதம் எழுந்து, 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பூமிக்கு அடியில் சுரங்கத்தில் பெண்கள் பகல் நேரத்தில் தொழில்நுட்ப வேலை பார்க்கலாம் என்று அனுமதி வந்தது 2019-ல்தான். அதுவரை சுரங்க இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு என்ன வழி?

எங்கள் துறை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நாங்கள் படித்த காலத்தில் பற்பம், செந்தூரம் செய்யக் கற்றுக்கொடுத்த ஒரு பெரியவர், "பொம்பளப் பிள்ளைங்க கல்வத்தைத் தொட வேண்டாம், தீட்டுப் பட்டா மருந்து முறியும்" என்று எங்களைத் தள்ளி நிற்க வைத்தார். பையன்கள் அரைத்தார்கள், புடம் போட்டார்கள். நாங்கள் நோட்டில் எழுதினோம். பரீட்சையில் நாங்கள்தான் அதிக மார்க். ஆனால் புடத்தின் பக்குவத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கை பழகவில்லை. நோட்டில் எழுதுவது வேறு, கையால் செய்வது வேறு. தள்ளி நிற்க வைத்துவிட்டு, பிறகு 'உங்களுக்குக் கை வராது' என்று சொல்வது என்ன நியாயம்?

செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி, சூரியனை ஆராய 2023-ல் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். 2019-ல் சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் மு. வனிதா. அரியலூரில் பிறந்த ந. வளர்மதி, 2012-ல் ரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். இவர்களைக் காட்டி, 'பார்த்தீர்களா, தடையே இல்லை' என்று சொல்வதும் தவறு. ஆற்றை நீந்திக் கடந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாலம் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

என் மருந்துச் சீட்டு

இந்த நோய்க்கு நான் எழுதுகிற சீட்டு இதுதான்:

1. வேலை கொடுப்பவர்களுக்கு: பூட்டுப் போடுகிற கழிப்பறை, தண்ணீர், நாப்கின் போட ஒரு தொட்டி. அவள் காலுக்கும் கைக்கும் பொருந்துகிற அளவில் பாதுகாப்பு ஷூவும் கையுறையும். இரவு வேலை என்றால் வீட்டு வாசல் வரை வண்டி. இன்டர்வியூவில் 'கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது' என்ற கேள்விகள் வேண்டாம்.

2. வீட்டில் இருப்பவர்களுக்கு: மருமகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் அவளுக்கு ஒரு வேளைச் சமையலாவது இல்லாமல் செய்யுங்கள். மகனும் சமைக்கலாம், கை தேய்ந்துவிடாது. மகள் சைட் வேலைக்குப் போகிறேன் என்றால், 'ஆபீஸ் வேலையாப் பாரு' என்பதற்கு முன், 'அங்கே என்ன வசதி இருக்கு?' என்று கேளுங்கள்.

3. என் போன்ற மருத்துவர்களுக்கு: 'வேலையை விடு' என்று எழுதுவதற்கு முன், அவளுடைய ஒரு நாளை முழுசாகக் கேளுங்கள். நாம் சாதாரணமாகச் சொல்கிற ஒரு வார்த்தை வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது.

4. பெண்களுக்கு: சிறுநீரை அடக்காதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். காலை இட்லியைத் தவறவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். நீர்க்கடுப்போடு குளிர் காய்ச்சல், விலாப்பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் தாமாக எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது. எல்லாவற்றையும் விட, வசதி கேட்க வெட்கப்படாதீர்கள். அது சலுகை இல்லை. கட்டுமான இடங்களில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 1996-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, அந்த சைட் இன்ஜினீயர் பெண் என்ன ஆனாள்?

அவளுடைய அம்மா, "லீவு லெட்டர் ஒண்ணு எழுதிக் கொடுங்க டாக்டரம்மா. பத்து நாள் வீட்ல இருக்கட்டும். அப்புறம் வேற வேலை பாத்துக்கிடலாம்" என்றார். நான் என் லெட்டர்பேடை எடுத்து, அவள் கம்பெனி மேனேஜருக்கு எழுதினேன். 'இவருக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணம் வேலை இடத்தில் கழிப்பறை இல்லாதது. ஓய்வு தேவை இல்லை. பெண்களுக்கான கழிப்பறையும் குடிநீரும் தேவை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணோடு முத்திரையும் குத்திக் கொடுத்தேன். இருபது வருஷத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய லெட்டர்!

இரண்டு மாதம் கழித்து அவளே வந்தாள். மருந்துக்காக அல்ல. "தகரத்துல ஒரு கழிப்பறை வச்சுட்டாங்க டாக்டரம்மா. உள்ள தாழ்ப்பாள் இருக்கு. தண்ணி டேங்க்கும் வச்சிருக்காங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"முத நாள் நான் போயிட்டு வெளிய வரேன், வாசல்ல சித்தாள் அக்காங்க ஏழெட்டுப் பேரு நிக்காங்க. 'நாங்களும் போகலாமாம்மா?'ன்னு கேக்காங்க. ஒரு வருஷமா அவங்களும் என்கூடத்தான் அந்த சைட்ல மண்ணு சுமந்தாங்க. அவங்க எங்க போறாங்கன்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கலை, டாக்டரம்மா."

நானும் கேட்டதில்லை. சித்தாள் பெண்கள் எத்தனையோ பேர் இடுப்பு வலி, நீர்க்கடுப்பு என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'எவ்வளவு தண்ணி குடிப்பே?' என்று கேட்பதற்கு முன், 'வேலை பாக்கிற இடத்துல போக இடம் இருக்காம்மா?' என்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் படித்து வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இருப்பாள். இன்று மாலை அவள் வந்ததும் நீங்களும் இதை ஒரு தரம் கேட்டுப் பாருங்களேன்.